குறி பிசகாமல் காத்த கைகள்

1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், தியோடர் மெய்மன் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர் ஒரு சிறு மாணிக்கக் கோலிலிருந்து முதல் லேசர் ஒளியைத் தோற்றுவித்தார். அந்த ஒளி போர்க்களத்தை எட்ட அதிக காலம் பிடிக்கவில்லை. 1968இல் வியட்நாமில் அமெரிக்கர்கள் லேசரால் வழிகாட்டப்படும் குண்டுகளைப் பயன்படுத்தத் தொடங்கினர். இன்று உலகின் பெரும் படைகள் எல்லாவற்றிலும் லேசர்க் கருவிகள் உள்ளன.

இவற்றில் இரண்டு வகைகள் முதன்மையானவை. முதலாவது தொலைமானி. இது நொடியில் ஒரு சிறு பங்கு நேரமே நீடிக்கும் ஒளித்துடிப்பை இலக்கின் மீது ஏவி, அது எதிரொளித்துத் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கிறது. 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொருளுக்குச் சென்று திரும்ப ஒளிக்கு ஆகும் நேரம் நொடியில் 50,000இல் ஒரு பங்குதான். இரண்டாவது இலக்குச் சுட்டி. இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை இலக்கின் மீது தொடர்ந்து துடிப்புகளாகப் பாய்ச்சுகிறது. குண்டின் மூக்கிலுள்ள உணர்வி, அங்கிருந்து சிதறி வரும் ஒளியை நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பெறுகிறது. நான்கிலும் ஒளி சமமாக இருந்தால் குண்டு நேர்வழியில் செல்கிறது. ஒன்றில் மிகுந்தால் அதற்கேற்பத் திரும்புகிறது.

ஆகவே குண்டு இலக்கைத் தேடிச் செல்வதில்லை. ஒளிப்புள்ளியைத் தேடித்தான் செல்கிறது. புள்ளி பக்கத்து வீட்டின் மீது விழுந்தால் குண்டும் பக்கத்து வீட்டின் மீதே விழும்.

கருவியை இயக்குபவர் ஒரு தொலைநோக்கி வழியாகக் குறிபார்க்கிறார். லேசரோ வேறொரு குழாயிலிருந்து வெளிவருகிறது. இவ்விரண்டின் அச்சுகளும் இணையாக இருந்தால்தான் அவர் பார்க்கும் இடத்தில் ஒளி விழும். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயின் ஒரு முனை வெறும் 0.3 மில்லிமீட்டர் விலகினால் அச்சு ஒரு மில்லிரேடியன் திரும்பிவிடும். அதாவது 3 கிலோமீட்டரில் 3 மீட்டரும் 10 கிலோமீட்டரில் 10 மீட்டரும் குறி தவறும். இவ்வளவு விலகலுக்குக் கருவி உடைய வேண்டியதில்லை; வண்டியிலிருந்து இறக்கும்போது ஒருமுறை பலமாக அடிபட்டாலே போதும். பழுதான கருவி பழுதைத் தானே சொல்வதுமில்லை. முன்போலவே விளக்கு எரியும், எண் தோன்றும். தவறான விடையையும் அதே உறுதியோடு அது காட்டும்.

இந்தச் சிக்கல் லேசரோடு பிறந்ததன்று. படையினர் கையாண்ட நுண்ணிய ஒளியியல் கருவியொன்று அடிபட்டு, அதை மீட்க ஒரு மனிதர் அரும்பாடு பட்ட வரலாறு நம் தமிழ் மண்ணிலேயே நடந்திருக்கிறது. அதன் தொடக்கப் பக்கங்களில் ஒன்று கடலூருக்கு அருகில் எழுதப்பட்டது.

திருவந்திபுரத்தில் ஒரு முனை

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கிழக்கே கடலூர் செல்லும் வழியில், கெடிலக் கரையில் உள்ளது திருவந்திபுரம். தேவநாதப் பெருமாள் கோயிலால் இவ்வூரை அறிந்தவர் பலர். பூமியின் வடிவத்தை அறிவதற்காக இந்தியாவில் நடந்த முதல் பெரிய அளவீட்டின் தென்முனை இவ்வூர் என்பதை அறிந்தவர் சிலரே.

அந்த அளவீட்டை நடத்தியவர் வில்லியம் லாம்டன். இவர் ஆங்கிலேயரின் 33ஆம் காலாட்படையைச் சேர்ந்த அதிகாரி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினப் போரில் பங்கு கொண்டவர். வென்ற நிலத்தைச் சரியாக அளந்து வரைபடமாக்க வேண்டும் என்பது ஆட்சியாளரின் தேவை. பூமி எவ்வளவு தட்டையான உருண்டை என்று காண வேண்டும் என்பது லாம்டனின் அறிவியல் ஆர்வம். இரண்டும் ஒன்றுசேர்ந்து, பின்னாளில் 'மாபெரும் முக்கோண அளவைப் பணி' என்று பெயர் பெற்ற வேலையாக உருவெடுத்தன.

1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார்கள். அளவுகோல் 100 அடி எஃகுச் சங்கிலி. எஃகு வெயிலில் நீளும் அல்லவா? வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் மாறினால் 12 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1.4 மீட்டர் பிழை ஏற்பட்டுவிடும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழல் அமைத்து, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து அளந்தார்கள். கருவியைப் பேணுவதும் அளவீட்டின் ஒரு பகுதியே என்பதை முதல் நாளிலேயே உணர்ந்திருந்தார்கள்.

பிறகு அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே வந்தனர். திருவந்திபுரத்துக்கும், சென்னையைவிடச் சற்று வடக்கிலிருந்த ஒரு நிலையத்துக்கும் இடையே ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகுதியான வட-தென் வில் அளக்கப்பட்டது. ஒரு பாகை அட்சரேகையின் நீளம் ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர் என்று இந்த அளவீடு காட்டியது. இன்று நாம் ஏற்கும் மதிப்பும் அதுவே. ஆங்கில அறிக்கையில் நம் திருவந்திபுரம் 'திரிவண்டிபோரம்' என்று உருமாறி இடம்பெற்றுள்ளது.

அரை டன் எடையில் ஒரு நுண்கருவி

முக்கோணத்தின் கோணங்களை அளக்க லாம்டன் நம்பியிருந்தது, லண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்த பெரிய தியோடலைட். அதன் கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம். மொத்த எடை ஏறத்தாழ அரை டன். இந்தியாவுக்கு வரும் வழியிலேயே அதற்குச் சோதனை நேர்ந்தது. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டு சென்றனர். அது அறிவியலுக்கான கருவி என்பதைக் கண்ட அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர், பகைநாட்டின் பொருள் என்றும் பாராமல் அதைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்.

இவ்வளவு கனமான கருவியை நுண்கருவி என்பது ஏன்? அதன் வட்டத்தின் ஆரம் சுமார் 46 சென்டிமீட்டர். அதன் விளிம்பில் ஒரு விகலைக் கோணத்துக்கு உரிய இடைவெளி 2.2 மைக்ரான் மட்டுமே. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்த அளவுக்கு விளிம்பு ஓரிடத்தில் பிசகினாலும், அங்கு படிக்கும் கோணம் 30 விகலைக்கு மேல் தவறிவிடும். 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு குன்று தன் இடத்தைவிட்டு 7 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிட்டதாகக் கணக்கில் வரும். அந்தப் பிழை அடுத்த முக்கோணத்துக்கும், அதற்கடுத்த முக்கோணத்துக்கும் தொடரும்.

தஞ்சையில் நேர்ந்தது

1808இல் லாம்டனின் குழு காவிரிச் சமவெளிக்கு வந்தது. அளவைப் பணிக்கு உயரமான இடங்கள் வேண்டும். சோழநாட்டிலோ குன்றுகள் இல்லை. எங்கு நோக்கினும் தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. கோயில் கோபுரங்களே குன்றுகளாயின. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 200 அடிக்கு மேல் உயர்ந்தது. அதன்மீது தியோடலைட்டை ஏற்ற லாம்டன் முடிவு செய்தார்.

கருவி பெட்டியோடு கயிற்றில் கட்டப்பட்டு மேலே இழுக்கப்பட்டது. சுவரில் மோதாதபடி அதை விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. பெட்டி வீசியாடி விமானத்தின் கல்லில் மோதியது. பெட்டி நொறுங்க, உள்ளிருந்த கிடைவட்டம் தாக்குண்டு வடிவம் குலைந்தது, ஆரக்கால்கள் வளைந்தன. இந்தியாவில் அதற்கு மாற்றுக் கருவி இல்லை. இங்கிலாந்திலிருந்து வேறொன்று வர வேண்டுமானால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

லாம்டன் தம் சொந்தச் செலவில் புதிய கருவிக்குச் சொல்லியனுப்பினார். அடிபட்டதைத் திருச்சிராப்பள்ளியில் இருந்த படைக்கலப் பட்டறைக்குக் கொண்டு சென்றார். அங்கே ஒரு கூடாரத்துக்குள், பட்டறையின் தலைமைக் கைவினைஞர்களைத் தவிர எவரையும் அனுமதிக்காமல், ஆறு வாரங்கள் அதனோடு அடைந்து கிடந்தார்.

அவர் கையாண்ட முறை எளிமையானது. ஆனால் மிகுந்த பொறுமை வேண்டுவது. முதலில் கருவி முழுவதையும் பகுதி பகுதியாகக் கழற்றினார்கள். பெரிய தட்டையான பலகையொன்றில், வட்டம் முன்பு எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் ஒரு வட்டம் வெட்டினார்கள். ஆப்புகள், திருகுகள், கப்பிகள் ஆகியவற்றின் உதவியால் குலைந்த விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அந்த வட்டத்தோடு பொருத்தினார்கள். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்திகளால் தட்டித் தட்டி நேராக்கினார்கள். முடிவில் வட்டம் ஏறத்தாழப் பழைய வடிவை அடைந்தது. அந்தக் கைவினைஞர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் மீட்ட தியோடலைட்டோ அதன்பின்னும் பல ஆண்டுகள் உழைத்தது. லாம்டன் 1823இல் இங்கன்காட் என்னுமிடத்தில் காலமான பிறகு, ஜார்ஜ் எவரெஸ்ட் அதே கருவியைக் கொண்டு இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள சிரோஞ்சு வரை வில்லை நீட்டினார்.

இரண்டு வெர்னியர்களின் பொருள்

'ஏறத்தாழப் பழைய வடிவம்' என்றால் போதுமா? மைக்ரான் அளவில் வட்டம் முழுமையாக நேரானதா? அது இயலாது. பின் எப்படி நல்ல அளவுகள் கிடைத்தன?

இதற்கு விடை நம் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. நிறமாலைமானியில் ஒவ்வொரு முறையும் முதல் வெர்னியர், இரண்டாம் வெர்னியர் என்று இரண்டையும் படித்துச் சராசரி காண்கிறோம் அல்லவா? மதிப்பெண்ணுக்காக இரண்டாவதைக் கணக்குப் போட்டே எழுதிவிடும் மாணவர்களும் உண்டு! ஆனால் அதன் பயன் பெரிது. வட்டத்தின் மையமும் சுழலும் அச்சின் மையமும் சற்று விலகியிருந்தால், ஒரு பக்கத்தில் அளவு கூடும். நேர் எதிர்ப்பக்கத்தில் அதே அளவு குறையும். சராசரியில் அந்தப் பிழை மறைந்துவிடும். இதே முறையில், ஒரே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் மீண்டும் மீண்டும் அளந்தால், வட்டத்தின் பிற குறைகளும் பெரிதும் தேய்ந்துவிடும். கருவியில் குறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அக்குறை விடையில் ஏறாதபடி அளவிடும் முறையை வகுப்பதே இதன் சாரம்.

ஆர்க்காட்டிலிருந்து ஒரு கருவியாளர்

எவரெஸ்டின் காலத்தில் இந்தப் பேணும் கலைக்குத் தனிப் பட்டறையும் தனிப் பதவியும் ஏற்பட்டன. 1830இல் அவர் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது ஹென்றி பாரோ என்னும் கருவி செய்பவரையும் அழைத்து வந்தார். பாரோவுக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் நம் ஆர்க்காட்டில் பிறந்த சையது மீர் மொசின் உசேன். சென்னையில் கடிகாரம் போன்ற நுண்பொருள்களைப் பழுதுபார்த்து வந்த இவருடைய கைத்திறனைக் கண்ட அளவைத் துறையினர், கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றனர். மேலைநாட்டுப் பட்டறைப் பயிற்சி இல்லாமலேயே இவர் பெரிய தியோடலைட்டுகளைப் பழுதுபார்த்தார். எளிதில் எவரையும் பாராட்டாத எவரெஸ்ட் இவரைப் பாராட்டினார். 1843இல் கணிதக் கருவி செய்பவர் என்னும் பதவி இவருக்கு வழங்கப்பட்டது. வட்டத்தை நோக்கிக் கோணம் படித்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் நிறைய உண்டு. அந்த வட்டத்தைக் காத்தவர்களில் பெயரோடு நிற்கும் மிகச் சிலருள் இவர் ஒருவர்.

டேராடூனும் ஆவடியும்

இரண்டாம் உலகப்போரில் புதியதொரு பகை தலைகாட்டியது. பர்மாவின் காடுகளிலும் பசிபிக் தீவுகளிலும் இருநோக்கிகளின் வில்லைகளுக்குள் பூஞ்சணம் படர்ந்தது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சண இழைகள் கண்ணாடியின் மீதே வளர்ந்து, அவை சுரக்கும் அமிலத்தால் மேற்பரப்பை அரித்துவிடுகின்றன. கருவியை இறுக மூடுவது, உள்ளே ஈரமற்ற வளிமத்தை நிரப்புவது, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைப்பது ஆகிய முறைகள் இதனால் முக்கியத்துவம் பெற்றன. 1943இல் டேராடூனில் படைத்துறைக்கான ஒளியியல் கருவித் தொழிற்சாலை அமைந்தது. படைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. படைப்பிரிவு இந்தியாவில் தோன்றியதும் அதே ஆண்டில்தான். 1960இல் கருவியியல் ஆராய்ச்சி மேம்பாட்டு நிலையம் டேராடூனில் நிறுவப்பட்டது. படைகளுக்கான லேசர்த் தொலைமானிகளையும் இலக்குச் சுட்டிகளையும் பற்றிய ஆராய்ச்சி நடைபெறும் இடம் அது.

தமிழகத்தில் இந்த மாற்றத்தை ஆவடியில் காணலாம். 1965இன் இறுதியில் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதில் தொலைவை அறிய ஓர் இயந்திரத் துப்பாக்கியே பயன்பட்டது. முதலில் அதைச் சுட்டு, குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்து, பிறகு பெரிய பீரங்கியை இயக்குவர். பின்னர் அங்கே உருவான அஜேயா, அர்ஜுன் டாங்கிகளில் அவ்வேலையை லேசர் ஏற்றது. துப்பாக்கி போய் ஒளி வந்தது. கூடவே, பீரங்கிக் குழல், தொலைநோக்கி, லேசர் ஆகிய மூன்றின் அச்சுகளையும் ஒத்திருக்கச் செய்யும் அன்றாட வேலையும் வந்து சேர்ந்தது.

கார்கிலில் நடந்த சோதனை

1999 மே 26ஆம் நாள் கார்கில் மலைகளில் இந்திய விமானப்படை தாக்குதலைத் தொடங்கியது. காற்று மெலிந்த அவ்வுயரத்தில் குண்டுகள் வழக்கமான கணக்குப்படி விழவில்லை. குறுகலான முகடுகளில் சிறு விலகலும் பெரிய தவறாயிற்று. மிராஜ் 2000 விமானங்களில் 'லைட்னிங்' என்னும் இஸ்ரேலிய இலக்குச் சுட்டியைப் பொருத்தும் வேலை விரைவாக முடிக்கப்பட்டது. ஜூன் 24ஆம் நாள், 5,000 மீட்டருக்கும் உயர்ந்த டைகர் மலையின் மீதிருந்த நிலைகள் லேசர் வழிகாட்டிய குண்டுகளால் தாக்கப்பட்டன. விமானிகளின் துணிவை நாடு அறியும். பறப்பதற்கு முன் அந்தச் சுட்டியின் கண்ணாடி முகப்பைத் துடைத்து, மின் இணைப்புகளைச் சரிபார்த்து, அச்சை ஒத்துப்பார்த்து அனுப்பிய தரைப் பணியாளர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை.

பேணும் முறை

அப்பணியாளர்கள் கைக்கொள்ளும் விதிகளுக்கெல்லாம் எளிய இயற்பியல் காரணங்கள் உண்டு. சிலவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, அதிர்ச்சி. கருவியை அதன் அச்சில் வார்த்த பஞ்சுறைப் பெட்டியில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். கீழே விழுந்த கருவி வெளியில் நன்றாகத் தெரிந்தாலும், அச்சைச் சரிபார்க்காமல் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது, வெயில். அலுமினியக் குழாய் ஒன்று 30 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ளதென்று கொள்வோம். வெயில் படும் பக்கம் மறுபக்கத்தைவிட 10 பாகை சூடாக இருந்தால், குழாய் வளைந்து அச்சு சுமார் 0.7 மில்லிரேடியன் திரும்பும். 3 கிலோமீட்டரில் இரண்டு மீட்டர் தவறும். பரங்கிமலையில் சங்கிலிக்கு நிழல் அமைத்த அதே காரணம்!

மூன்றாவது, தூசி. சாதாரண வில்லையில் தூசி படிந்தால் காட்சி மங்கும், அவ்வளவே. லேசர் வெளிவரும் முகப்பில் படிந்த தூசியோ ஆற்றலை உறிஞ்சிச் சூடாகி, மேற்பூச்சில் புள்ளிபோன்ற வடுவை உண்டாக்கும். அந்த வடு அடுத்த துடிப்பில் இன்னும் பெரிதாகும். எனவே முதலில் ஊதுகுமிழால் தூசியை அகற்றி, பிறகு மென்தூரிகையால் தடவி, கடைசியில்தான் உரிய திரவம் நனைத்த வில்லைத்தாளால் துடைக்க வேண்டும். சட்டை நுனியால் துடைப்பது மணலால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். கடலூர் போன்ற கடற்கரைகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் கவனம் இருமடங்கு வேண்டும்.

நான்காவது, கையாள்பவரின் கண். இலக்குச் சுட்டிகளில் பெரும்பாலும் நியோடிமியம் கலந்த யாக் படிகமே லேசரைத் தருகிறது. அதன் அலைநீளம் 1.06 மைக்ரான். கண் இந்த ஒளியைக் காணாது. ஆயினும் கண்ணின் வில்லை அதை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். வலிப்பதற்குள் பார்வை போய்விடலாம். பார்வையைப் பறிப்பதற்கென்றே செய்யப்படும் லேசர்ப் படைக்கலங்களை 1995ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்பாடு தடை செய்துள்ளது. பட்டறையில் நேரும் கவனக்குறைவை எந்த உடன்பாடும் தடுக்காது. உரிய கண்ணாடியும் ஒழுங்கும்தான் தடுக்கும். மேலும், ஒளிர்விளக்கால் இயங்கும் லேசர்களில் மின்தேக்கிகள் உயர் அழுத்த மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கும். கருவியை நிறுத்திய பின்னும் அது சிறிது நேரம் தங்கக்கூடும் என்பதை மறக்கலாகாது.

இவற்றோடு ஒரு விதியையும் சேர்க்க வேண்டும். அது இயற்பியலைச் சேர்ந்ததன்று. கருவி அடிபட்டால், அடிபட்டது என்று உடனே பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினால் தண்டனை என்றால் எவரும் எழுதமாட்டார். மறைக்கப்பட்ட அந்த அடி ஒரு நாள் எங்கோ வேறொருவர் தலையில் போய் விடியும். தஞ்சையில் கருவி மோதியதைப் பலர் கண்டனர். ஆகவே அது கழற்றப்பட்டுச் சீர்செய்யப்பட்டது. எவரும் காணாதபடி கைதவறி விழும் சிறு கருவிகளே இன்று மிகுதி. அவற்றை எடுத்து நிமிர்த்துபவர் அச்சமின்றி உண்மையைச் சொல்லக்கூடிய பட்டறைகளில்தான் குறி பிசகாமல் இருக்கும்.

நம் கல்லூரிகளில் இயற்பியல் பயிலும் மாணவர்களில் சிலர் நாளை ஆவடியிலோ டேராடூனிலோ இத்தகைய கருவிகளின் முன் அமரக்கூடும். அதற்கான பயிற்சியை இப்போதே தொடங்கலாம். ஆய்வுக்கூடத்தில் நிறமாலைமானியைத் தூக்கும்போது தொலைநோக்கியைப் பிடித்துத் தூக்காமல் அடிப்பாகத்தைப் பிடித்துத் தூக்குங்கள். இரண்டாம் வெர்னியரைக் கணக்குப் போட்டு எழுதாமல், உண்மையிலேயே படித்து எழுதுங்கள்.